மூன்று கட்டமும் ஒரு சாமைக் காடும்

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட்டுப் படிப்பேன். மற்றவர்கள் சட்டி பானையை உடைப்பார்கள், பெண்டாட்டியை வைவார்கள். எனக்குப் பெண்டாட்டி இல்லை. பானையும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனால் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, குறுக்கெழுத்துப் போட்டியின் குறிப்புகளை ஊருக்கே கேட்கும்படி படிப்பேன். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்தப் பழக்கம்தான் காரணம்.

கோபத்துக்குக் குறைவில்லாத காலம் அது. அர்த்தனாரி என்ற வாத்தியாரைச் சேந்தமங்கலத்திலிருந்து கிளப்பி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு நடக்கவிட்டு, எடப்புளி நாட்டில் புல் வேய்ந்த ஒரு கொட்டகையைக் காட்டி, "இதுதான் பள்ளிக்கூடம்" என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? பிள்ளைகள் பாதி நாள் காட்டுக்குப் போய்விடுவார்கள். மீதி நாள் மழை கொட்டும். வாரம் ஒருமுறை தபால்காரர் கருப்பண்ணன் சலங்கை கட்டிய ஈட்டியோடு மலையேறி வந்து 'கதிர்க்கொடி' பத்திரிகையைக் கையில் கொடுக்கும்போதுதான் நான் மனிதனாவேன்.

அப்போது தமிழ் படித்தவர்கள் பாதிப் பேருக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம். எனக்கு முழுப் பைத்தியம். ஆனால் ஒரு தடவைகூட எல்லாக் கட்டத்தையும் சரியாக நிரப்பியதில்லை. எங்கேயாவது ஒரு பிழை உட்கார்ந்திருக்கும். 'கதிர்க்கொடி' ஆசிரியர் நேராக ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வெட்டு, ஒட்டு, திருப்பு என்று ஏதாவது குசும்பு வைத்துத்தான் கேட்பார். மெட்ராஸில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு வன்மம்.

இனி ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். நான் இருந்த ஊரில் விடுகதை பொழுதுபோக்கல்ல. அதற்குச் சட்டம் உண்டு. ஒருவர் கதை போடுவார். கேட்டவர் அவிழ்த்துவிட்டால், போட்டவர் போய் அவர் காட்டில் ஒரு நாள் களை வெட்டவேண்டும். அவிழ்க்கத் தெரியாவிட்டால் கேட்டவர் வெட்டவேண்டும். எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேருக்கும் இதே சட்டம். வேண்டாமென்றால் கதை தொடங்கும்போதே காதைப் பொத்திக்கொள்ளலாம். காதில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான்.

இந்தச் சட்டத்தை வைத்தே ஒரு காட்டைக் காப்பாற்றி வந்தவள் பொன்னாயி. நாற்பது வயதுக்காரி. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. சரிவில் ஒரு பெரிய சாமைக் காடும், யாரும் தோற்கடிக்காத நாக்கும்தான் அவள் சொத்து. ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு கதையைப் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் தன் காட்டில் இறக்கிவிட்டாள். தன் காடு முடிந்ததும் மிச்ச ஆட்களைத் தோழி மாதம்மாள் காட்டுக்குக் கைமாற்றி அனுப்பினாள். அதற்கும் வழக்கத்தில் இடம் உண்டு. அன்றிலிருந்து பொன்னாயி வாயைத் திறந்தாலே ஆண்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

அவளுடைய ஆயுதம் இப்படி மழுங்கிய நேரம் பார்த்து, கொழுந்தன் செங்கோடன் ஊர்க்கூட்டத்தில் எழுந்தான். அண்ணன் காடு ஒற்றைப் பொம்பளை கையில் புல் மண்டிக் கிடக்கிறது, தனக்கே வேண்டும் என்றான். ஊர்க்கவுண்டர் குழந்தைசாமி நியாயஸ்தர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "ஆனி கடைசி நாள் பொழுது சாயறப்ப நானே வந்து பாப்பேன். களையில்லாம இருந்தாக் காடு பொன்னாயிக்கு. களை நின்னாச் செங்கோடனுக்கு" என்று தீர்த்துவிட்டார். ஆனியில் எல்லாருக்கும் அவரவர் காட்டில் களை. கூலிக்குக்கூட ஆள் கிடைக்காது. பொன்னாயி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தனியாக வெட்டினாள். ஒரு மூலையை முடிப்பதற்குள் மறு மூலையில் முளைத்தது.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனாள். உள்ளே நான் புதிதாக வந்த இதழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"சாவும் மையும் சேர்ந்தால் சோறு! இரண்டே எழுத்து!" என்று கூரைக்குக் கத்தினேன். "சாவு வீட்டில் என்ன சோறு? பிண்டமா? மையை யார் தின்பார்கள்?"

"சாமைங்க" என்றது வெளியே ஒரு குரல்.

"என்ன?"

"சாமைச் சோறுங்க. இதுக்கா இந்தக் கூச்சலு?"

எழுதிப் பார்த்தேன். சா, மை. கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே ஓடினேன். அவள் நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தாள். "அக்கா! பொன்னாயக்கா! இன்னொன்று இருக்கிறது, கேட்டுவிட்டுப் போங்கள்!" என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

அவள் திரும்பினாள். கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளாக யாரும் அவளுக்குக் கதை போடவில்லை அல்லவா?

"போடுங்க" என்றாள்.

"ஓடுகிறவன் தலையைத் தட்டிவிட்டால் நாடக மேடையில் தொங்குவான். மூன்று எழுத்து."

"திருடன்!" என்றது வேறொரு குரல். செங்கோடன்தான். அண்ணி எங்கே நின்றாலும் வேவு பார்க்க அங்கே அவனும் நிற்பான். "திருடந்தான் ஓடுவான். புடிச்சாத் தொங்க விடுவாங்க."

"நாலு எழுத்து வருகிறது. கட்டம் மூன்றுதான்."

"நெருக்கி எழுதுங்க வாத்தியாரே."

பொன்னாயி கொத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். மான், முயல், ஆறு என்று சொல்லிப் பார்த்தாள். நாடக மேடையை அவள் கண்டதில்லை. நான் கண்டிருக்கிறேன். மேடையில் தொங்குவது திரை. அதற்கு ஒரு தலை வைக்கவேண்டும், வைத்தால் ஓடவேண்டும். கு, திரை. குதிரை! நான் குதித்த குதியில் செங்கோடன் இரண்டடி பின்னால் போனான்.

"அதெப்படிங்க?" என்றாள் பொன்னாயி. "குதிரைத் தலைய வெட்டுனா ரத்தமில்ல வரும்?"

"குதிரையை வெட்டவில்லை அக்கா. குதிரை என்கிற சொல்லை வெட்டுகிறோம். வாயால் சொல்லுங்கள், முதல் சத்தத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்."

"குதிரை... திரை." இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு! "அட என் சாமி! எங்க கதை பொருளைத்தான் ஒளிச்சு வெக்கும். இவன் சொல்லுக்குள்ளயே பூந்து ஒளிச்சு வெக்கறானே!"

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் சேர்ந்தது. வாத்தியார் படிப்பது ஏட்டுக் கதை, இதற்குக் களைவெட்டுக் கிடையாது என்று ஆண்பிள்ளைகள் தைரியமாக உட்கார்ந்தார்கள். ஊர்க்கவுண்டரே இருமிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். பொன்னாயி மட்டும் ஓரமாக நின்றபடி கேட்பாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் சொல்லை விரலுக்கு ஒரு சத்தமாக இறக்கி வைத்து, ஒரு விரலை மடக்கி ஒரு சத்தத்தை எடுத்துவிடுவாள். நான் மணலில் எழுதி அழித்து எழுதுவதற்குள் அவள் விரல்கள் வேலையை முடித்துவிடும். சில நாள் மணல் முந்தும். அன்றைக்கு அவள் என்னோடு பேசமாட்டாள்.

"லாபத்தின் வாலை அறுத்துத் திருப்பிப் போடு, ஆடை முழுதும் முள். இரண்டு எழுத்து" என்று படித்தேன்.

"பலா" என்றாள், நான் மூச்சு விடுவதற்குள்.

"முள் சரி. லாபம் எங்கே போயிற்று?"

"பலாப் பழம் வித்தா லாபந்தானுங்க."

"இல்லை அக்கா. இந்த ஆசாமி ஒரு வார்த்தையைக்கூடச் சும்மா போடமாட்டான். லாபம் ஏன்? வால் ஏன்?" எனக்குச் சுருசுருவென்று ஏறியது. மணலில் லா, ப, ம் என்று எழுதினேன். வால் என்றால் கடைசி எழுத்து. 'ம்' என்பதைக் கையால் அழித்தேன். லாப. திருப்பினேன். பலா!

கூட்டம் "ஓ" என்று கத்தியது. பொன்னாயி உட்கார்ந்து மணலையே பார்த்தாள்.

"அப்ப ஒவ்வொரு கதையும் ரெண்டு கதைங்களா? ஒண்ணு பொருளு, ஒண்ணு சத்தம். ரெண்டு வழியில போயி ஒரே ஊட்டுக் கதவத் தட்டணும்?"

"அதேதான். இரண்டு வழியும் வந்து சேர்ந்தால்தான் விடை. ஒரு வழி மட்டும் வந்தால் நம்பக்கூடாது."

நான் இத்தனை வருஷம் ஒரு பிழையோடு தோற்றுக்கொண்டிருந்தது ஏன் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கே உறைத்தது. ஒரு வழி வந்ததுமே அவசரப்பட்டுக் கட்டத்தை நிரப்பிவிடுவேன்.

அதன்பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. "நடுவில் இருப்பதை எடுத்தால் கணக்கு வாத்தியார் உத்தரவு; எடுக்காவிட்டால் சாப்பாடு" என்று படித்தேன். பொன்னாயி தான் விளைவிப்பதை எல்லாம் வரிசையாக விரலில் வைத்து நடுவிரலை மடக்கிப் பார்த்தாள். "தினைக்கு நடு இல்ல. மிளகு... மிகு. அது வாத்தியார் உத்தரவாட்டம் இல்லீங்களே. வரகு... வகு!" வகு என்று நான் கணக்குப் பாடத்தில் பிள்ளைகளை விரட்டுவதை அவள் காட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள். நான் துண்டை எடுத்து ஆகாயத்தில் வீசினேன். அது கூரையில் சிக்கிக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

ஒரு சங்கடம் மட்டும் எனக்கு உள்ளே அரித்தது. பொன்னாயி ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள்: "மெட்ராஸ்காரன் கதை போட்டிருக்கான். பூராவும் அவுத்துப்புட்டா அவன் ஆளுங்களோட வந்து என் காட்டுல களை வெட்டணும்."

"அக்கா, அப்படியெல்லாம் யாரும் வரமாட்டார்கள்" என்றேன். "இது பத்திரிகைப் போட்டி. எல்லாம் சரியாக இருந்தால் பேரை அச்சுப் போடுவார்கள். ஒரு வருஷம் பத்திரிகை சும்மா அனுப்புவார்கள். அவ்வளவுதான்."

"தோத்துட்டு வராம எப்பிடிங்க இருப்பான்? மானம் போயிராதா?"

"அவருக்கு உங்கள் வழக்கமே தெரியாது!"

"தெரியலீன்னா எழுதிப் போடுங்க."

எரிச்சலில் தனியாக ஒரு கார்டு எழுதினேன். 'ஆசிரியர் அவர்களே, நீங்கள் தோற்றால் எங்கள் ஊர் வழக்கப்படி கொல்லிமலைக்கு வந்து களை வெட்டவேண்டும். கொத்து நாங்கள் தருகிறோம்' என்று. இதைப் படித்த பிறகாவது அவர் குசும்பைக் குறைக்கட்டும் என்று எனக்கு ஒரு அற்ப ஆசை.

விடைத்தாள் புறப்படவேண்டிய நாள் வந்தது. ஒரே ஒரு குறிப்பு பாக்கி. கருப்பண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈட்டியைத் தரையில் தட்டினார். "பொழுது எறங்குதுங்க வாத்தியாரே. இருட்டுனாக் கரடி வரும். நான் கெளம்பணும்."

"கொஞ்சம் பொறுங்கள்!" என்று கத்திவிட்டுப் படித்தேன். "தலை போனால் மீன் பிடிக்கும். இடை போனால் கைதட்டல் வாங்கும். முழுதாக இருந்தால் உறங்க விடாது. மூன்று எழுத்து!"

ஊரே வாசலில் இருந்தது.

"மூட்டப்பூச்சி" என்றார் ஒருவர். "பச்சப் புள்ள" என்றாள் மாதம்மாள். ஊர்க்கவுண்டர் ஒரு பாட்டம் இருமி முடித்துவிட்டு, "சந்தேகமே வேண்டாம். இருமலு" என்றார். இருமலுக்கு நாலு எழுத்து என்று பணிவாகச் சொன்னேன். "பசி" என்றான் செங்கோடன். ஒரு எழுத்துக் குறைகிறது என்றேன். "பசீஈ" என்றான். நாலாபக்கமும் கொக்கரித்தார்கள்.

கருப்பண்ணன் சலங்கையை மறுபடி ஆட்டினார். கடைசிக் கட்டத்தில் 'லை' என்ற எழுத்து மேலிருந்து கீழே வந்த வார்த்தையால் முன்பே விழுந்திருந்தது. லை, லை என்று முனகினேன். மீன் பிடிப்பது தூண்டில். தூண்டில் 'லை'யில் முடியாது. மீன் பிடிப்பது...

"வலை!" என்று அலறினேன். "தலை போனால் வலை! வலைக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து!"

பொன்னாயி விரலை நீட்டியபடி அசையாமல் நின்றாள். வாய்க்குள் என்னவோ ஓடியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கவலை."

அவள் நடுவிரலை மடக்கினாள். "கலை. அதுக்குத்தானுங்களே கைதட்டுவாங்க? ரெண்டு வழியும் வந்திருச்சு. நாந்தான் ராத்திரியெல்லாம் அதோட படுத்துக் கெடக்கறனே, எனக்குத் தெரியாதா?"

"இந்த எளவெடுத்த கதை நமக்கு வரவே இல்லையேப்பா" என்றான் செங்கோடன்.

"உனக்கு அது இருந்தாத்தான வரும், கொழுந்தனாரே" என்றாள் பொன்னாயி. வாசல் முழுக்கச் சிரித்தது. நான் மிச்ச இரண்டு கட்டத்தையும் நிரப்பி, ஒட்டி, கருப்பண்ணன் பையில் திணித்தேன். சலங்கைச் சத்தம் சரிவில் இறங்கிப் போகும்வரை எல்லாரும் நின்று கேட்டோம்.

முடிவு வரும் இதழ் ஆனி கடைசி நாளில்தான் வந்தது.

அன்று காலையிலேயே ஊர்க்கவுண்டர் காட்டு வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். சாட்சிக்கு ஊரையும் கூப்பிட்டிருந்தார். பொன்னாயி யாரையும் பார்க்காமல் வெட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தது. மற்ற மூன்று பக்கமும் புல் முழங்காலுக்கு நின்றது. செங்கோடன் அந்தப் புல்லை மாடு பார்க்கிற ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது உச்சிக்கு வரும் முன்பே கீழே சலங்கை கேட்டது. நான் இருக்க முடியாமல் சரிவில் பாதி தூரம் ஓடி, கருப்பண்ணன் கையிலிருந்தே பத்திரிகையைப் பிடுங்கினேன். மேலே வரும் வழியிலேயே உறையைக் கிழித்தேன். குதிரை சரி. பலா சரி. வரகு சரி. சாமை சரி. கடைசியில் பார்த்தேன். கவலை!

"சரி! எல்லாம் சரி! ஒரு பிழை இல்லை!" என்று கத்திக்கொண்டே மேலே வந்தேன். பேர் வரிசையைத் தேடினேன். "இதோ அக்கா! 'அர்த்தனாரி, பொன்னாயி, கொல்லிமலை.' இது உங்கள் பேர்!"

அவள் கையில் இருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள். நாலு சத்தத்தையும் நாலு விரலில் இறக்கிப் பார்த்தாள். "பொன்னாயி" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபக்காரனுக்கு அழுகையும் சீக்கிரம் வரும்.

"மெட்ராஸ்காரன் எப்ப வாரானாம்?" என்று கேட்டாள்.

பேர் வரிசைக்குக் கீழேயே பதில் இருந்தது. எனக்குப் படிக்க மனமில்லை; ஊரே காத்திருந்ததால் படித்தேன். 'கொல்லிமலை அன்பருக்கு: தோல்வியை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மலை ஏற எமது முழங்கால் இடம் தரவில்லை. களையையும் பயிரையும் பிரித்தறியும் கண்ணும் எமக்கில்லை. மன்னிக்கவும். ஆ-ர்.'

"முழங்காலு வலிக்குதாம்!" செங்கோடன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அண்ணி, உங்க ஆளு வரல!"

பொன்னாயி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கொத்து கையிலிருந்து நழுவியது. நான் அப்போதே சொன்னேனே அக்கா என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க கவுண்டரே, கதை போட்டவன் தோத்தாக் களை வெட்டணுமா, வேண்டாமா?"

"வெட்டணும்."

"நான் அவுத்தது கதைதானுங்களே?"

"கதைதான். ஏட்டுல இருந்தா என்ன, வாயில இருந்தா என்ன." கவுண்டர் தாடையைச் சொறிந்தார். "ஆனாப் போட்டவன் யாருங்கறதப் பாக்கணும். நம்ம கதையெல்லாம் எந்தக் காலத்துல எவன் கட்டுனதோ. கட்டுனவனா வந்து களை வெட்டறான்? எவன் வாயில எடுத்துச் சொன்னானோ அவன்தான வெட்டறான்? மெட்ராஸ்காரன் இந்த மலையில வாயத் தொறக்கல." அவர் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. "தொறந்தது வாத்தியாருதான். போட்டவரு இவருதான்."

"நானா?" என்றேன். "எனக்கே விடை தெரியாதே!"

"வெடை தெரியாமக் கதை போடறது அத விட மோசமுங்க" என்றார் கவுண்டர் கண்டிப்பாக.

செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒற்றை வாத்தியார் பொழுது சாய்வதற்குள் எவ்வளவு வெட்டிவிடுவார்? "ஆமாங்க, வழக்கம்னா வழக்கந்தான்! ஏட்டுக் கதையும் கதைதான்!" என்று அவனே ஓடிப்போய்க் கொத்தை எடுத்து என் கையில் திணித்தான்.

நான் இறங்கி ஒரு வெட்டு வெட்டினேன். வேரோடு வந்தது. பெருமையாகத் தூக்கிக் காட்டினேன்.

"அது சாமைங்க!" என்று பொன்னாயி அலறினாள்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறிவிட்டது. கொத்தைத் தூக்கி எறிந்தேன். கோபம் வந்தால் நான் என்ன செய்வேன்? பத்திரிகையை விரித்து, நடுக் காட்டில் நின்றுகொண்டு, பழைய குறிப்புகளையே உரக்கப் படித்தேன். "சாவும் மையும் சேர்ந்தால் சோறு! லாபத்தின் வாலை அறுத்துத் திருப்பிப் போடு!"

திருப்பிப் போடு.

வாய் அப்படியே நின்றது. விடை விழும் முன்பு நெஞ்சில் ஒரு குறுகுறுப்பு வருமே, அது வந்தது. ஒரு வழியில் வந்து பார்த்தாயிற்று. இன்னொரு வழியில் வரவேண்டும் அல்லவா?

"கவுண்டரே!" என்றேன். "நான்தான் கதை போட்டவன். ஒப்புக்கொள்கிறேன். தலை போனால் மீன் பிடிக்கும் என்ற கதையை நான் போட்ட அன்று, கேட்டவர் யார் யார்?"

கவுண்டர் இருமத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"ஊரே கேட்டது. யாராவது காதைப் பொத்தினார்களா? பொன்னாயக்கா ஒருத்திதான் அவிழ்த்தாள். அவிழ்க்காதவர்கள் எல்லாரும் எனக்குக் களை வெட்டவேண்டும். எனக்குக் காடு இல்லை. அத்தனை பேரையும் இந்த நிமிஷமே பொன்னாயக்கா காட்டுக்குக் கைமாற்றிவிடுகிறேன்!"

மூட்டைப்பூச்சி சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார். மாதம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அது... அது ஏட்டுக் கதைங்க" என்றான் செங்கோடன்.

"ஏட்டுக் கதையும் கதைதான்னு இப்பத்தான கூவுன?" என்றார் கவுண்டர். அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து, இருமி, மறுபடி சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருமலுன்னு சொன்னவன் நானு. எனக்கும் சேத்துத்தான் சட்டம்." மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "பசின்னு சொன்னவனே, உம் பின்னாலயேதான் நான் வெட்டுவேன். ஒரு புல்லு நின்னாலும் எங் கண்ணுல படும். போ, எல்லாரும் ஊட்டுக்குப் போயிக் கொத்து எடுத்தாங்க!"

அந்த மதியம்போல ஒரு மதியத்தை நான் மறுபடி பார்க்கவில்லை. சரிவு முழுக்க ஆட்கள். கொத்துகள் டக் டக்கென்று விழுந்தன. ஒருவர் "மூட்டப்பூச்சி" என்பார், இன்னொருவர் "பச்சப் புள்ள" என்று எதிர்க்குரல் கொடுப்பார், காடே சிரிக்கும். கருப்பண்ணன்கூட ஈட்டியை நட்டுவிட்டு இறங்கினார். அன்றைக்கு அவரும் கேட்டவர்தானே. பொன்னாயி என்னைப் பயிர்ப் பக்கம் விடவே இல்லை. வெட்டிய புல்லை அள்ளிக் கொட்டுவதுதான் என் வேலை. தான் பறிக்க வந்த காட்டைச் செங்கோடன் தன் கையாலேயே சுத்தம் செய்துகொண்டிருந்தான். கவுண்டர் நிழல் அவன் முதுகைவிட்டு நகரவில்லை.

பொழுது மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியபோது கவுண்டர் நிமிர்ந்தார். காட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். காலடியில் கிடந்த கடைசிக் களையை எடுத்து, மண்ணை உதறி, வரப்புக்கு வெளியே போட்டார்.

"காடு பொன்னாயி காடு" என்றார்.

பொன்னாயி தன் காட்டு மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து வலது கையை உயர்த்தினாள். மூன்று விரலை நீட்டிக் காட்டிவிட்டு ஒவ்வொன்றாக மடக்கினாள். க, வ, லை. மூன்றும் போய்விட்டன. நான் பத்திரிகையை எடுத்து விரித்தேன். கடைசிப் பக்கத்தில் புதுப் போட்டி இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். சரிவு முழுவதிலும் அத்தனை பேரும் கொத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். கவுண்டர்தான் முதலில் பொத்தினார்.

பொன்னாயி மட்டும் பொத்தவில்லை.

"நல்லாச் சத்தமாப் படிங்க வாத்தியாரே" என்றாள். "மாதம்மா காடு இன்னும் வெட்டாமக் கெடக்குது."